கருங்காலிமேட்டு வேலி அறையை நான் பூட்டியது பற்றி

எனது பெயர் ஜெஸ்லின், வயது 31, கணவர் பெயர் கிங்ஸ்டன். சேலம் மாவட்டம், ஏற்காடு வட்டம், செம்மநத்தத்திற்கு மேலே கருங்காலிமேடு, கதவு எண் 14 என்ற முகவரியில் குடியிருந்து வருகிறேன். ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்திருக்கிறேன். ஏழு வருடமாக ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் செல்வராஜ் என்பவருடைய கடையில் இன்வெர்ட்டர், பாட்டரி, மிக்சி பழுது பார்க்கும் வேலை செய்து வருகிறேன். 24.06.2025 செவ்வாய்க்கிழமை மாலை நாலேகால் மணிக்குக் காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் சுகுணா அவர்கள் கேட்க, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் சொல்வதாவது.

என்மேல் கொடுத்திருக்கும் புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். வேலி போட்ட கம்பெனியின் சூப்பர்வைசர் நவீன் என்பவரை இன்று காலை 11.20 முதல் மதியம் 1.05 வரை வேலி அறைக்குள் வைத்துப் பூட்டினேன் என்று அதில் இருக்கிறது. அது உண்மை, பூட்டினேன். அவரை அடித்தேன் என்று இருப்பது பொய். அவருடைய செல்போனைப் பிடுங்கினேன் என்பதும் பொய். பிடுங்கியிருந்தால் உள்ளே இருந்துகொண்டே டிரைவருக்குப் போன் செய்து போலீஸை எப்படி வரவழைத்தார் என்று புகார் எழுதியவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எங்கள் ஊர் இருபத்திரண்டு வீடு. மேலே காடு, கீழே காப்பித் தோட்டம். காட்டெருமை இறங்கினால் பீன்ஸ் பந்தலையும் மிளகுக் கொடியையும் சேர்த்து மிதித்துவிட்டுப் போகும், எதிரே ஆள் நின்றால் ஆளையும் மிதிக்கும். அதற்காக 2023 அக்டோபரில் ஊரைச் சுற்றி சோலார் வேலி போட்டுக் கொடுத்தார்கள். ஊருக்கு மேல்புறம் ஹாலோபிளாக் கல்லில் ஒரு சின்ன அறை, கூரைமேல் பேனல், உள்ளே இரண்டு பாட்டரி, வேலிக்குக் கரண்ட் விடும் மெஷின், இவற்றுக்கு நடுவில் சுவரில் சார்ஜ் கண்ட்ரோலர். வேலிக் கம்பங்களில் நான்கு லைட்டும் உண்டு. பேனலில் இருந்து வரும் கரண்டை அளவு பார்த்து பாட்டரிக்குள் விடுவதும், பாட்டரி இறங்கிவிட்டால் செலவை நிறுத்துவதும் கண்ட்ரோலரின் வேலை. ஊரில் எல்லோரும் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். வேலி நடக்கும்போது மெஷின் நொடிக்கு ஒரு தரம் டிக் என்று அடிக்கும். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பச்சைப் புல்லைக் கிள்ளிக் கம்பியில் வைத்தால் விரலில் சுருக்கென்று தட்டும்.

ஊர்க்கூட்டத்தில் என் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் எஸ்டேட்டில் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை செய்பவர், கரண்ட் வேலை தெரியாது. ஆனால் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்வார் என்று ஊருக்கே தெரியும். கம்பெனிக்காரர்கள் ஒப்படைத்த அன்று மதியம் இடி இடித்தது. எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர்கள் இடி கேட்டால் முதலில் டி.வி. ஒயரைப் பிடுங்குவோம், அப்புறம்தான் காயப்போட்ட துணியை எடுப்போம். அந்தப் பழக்கத்தில் என் கணவர் ஓடிப்போய் பாட்டரி ஒயரைக் கழற்றினார், பேனல் ஒயரைத் தொடவில்லை. நவீன் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, நல்ல பழக்கம் என்று அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். நானும் அங்கே இருந்தேன், நானும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எப்போது இடி இடித்தாலும் அவர் அப்படித்தான் செய்து வந்தார். எந்த ஒயரை முதலில் கழற்ற வேண்டும், எதை முதலில் மாட்ட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அறைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதம் முழுக்க இங்கிலீஷ். என் கணவர் எட்டாவது வரை தமிழில் படித்தவர்.

ஒன்றரை வருடம் வேலி ஒழுங்காக நடந்தது. இந்த வருடம் ஏப்ரல் 22ஆம் தேதி காலையில் டிக் நின்றுவிட்டது. அன்றைக்கே என் கணவர் நவீனுக்குப் போன் செய்தார். அதன் பிறகு ஒரு வாரத்தில் மொத்தம் ஆறு தடவை செய்தார். ஆறு தடவையும் இதோ வருகிறேன் என்றுதான் பதில். ஏப்ரல் 29ஆம் தேதி நவீன் வந்தார். வந்தவர் அறைக்குள் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை, தோளில் மாட்டியிருந்த பையைத் திறக்கவும் இல்லை. பெட்டி போய்விட்டது, புதுசு வர வேண்டும் என்றார். அதன் பிறகு கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பூட்டின்மேல் கம்பெனி முத்திரை குத்திய காகிதத்தை ஒட்டினார்.

நான் அன்றைக்கு லீவில் இருந்தேன். இது என்னுடைய தொழில்தான், மீட்டர் வைத்து ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவர், "அக்கா, உங்க கடையில மிக்சி பாக்கற மாதிரி இல்லைங்க இது. யாராச்சும் கை வெச்சா வாரண்டி போயிரும், அப்புறம் ஊருக்கே நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றார். நான் மீட்டரைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த இடத்தில் நான் செய்த தப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆறு வாரமும் நான் காலை பஸ்ஸுக்கு அந்த அறையைத் தாண்டித்தான் போனேன். என் பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது, மீட்டர் இருந்தது. ஒண்டிக்கடையில் கண்ட கண்ட லாட்ஜ்காரர்களுடைய இன்வெர்ட்டரையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். என் சொந்த ஊர்ப் பெட்டியை மூன்று விரற்கடை அகலக் காகிதத்துக்குப் பயந்து தொடாமல் இருந்தேன். வாரண்டி, வாரண்டி என்று அந்த வார்த்தையை ஏதோ வேத வசனம்போல நம்பினேன். இதை நினைத்தால் நவீன்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல்தான் அதிகமாக வருகிறது.

வேலி நின்றுபோன பிறகு என் கணவர் வேலியின் வேலையைத் தானே செய்ய ஆரம்பித்தார். தினமும் விடியும் நேரம் ஒரு பழைய டால்டா டின்னை எடுத்துக்கொண்டு மேல் வரப்பு முழுக்கத் தட்டிக்கொண்டே நடப்பார், நடந்துவிட்டு எஸ்டேட் வேலைக்குப் போவார். செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் தட்டுகிற சத்தத்தில் ஊர் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

ஜூன் 11ஆம் தேதி காலை ஆறு மணி இருக்கும். பனிமூட்டத்தில் எதிர் வீடு தெரியவில்லை. நான் அடுப்பில் காப்பித்தண்ணி வைத்திருந்தேன். டின் சத்தம் மேல் மூலை வரைக்கும் போனது, அங்கே நின்றுவிட்டது. மறுபடி கேட்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கேட்கவில்லை. அடுப்பை அணைக்காமலே ஓடினேன், பக்கத்து வீட்டு ஆராயி அக்காளும் கூட ஓடி வந்தார்கள். சில்வர் ஓக் மரத்தடியில் அவர் கிடந்தார். டின் நசுங்கிக் கிடந்தது. அவரை மிதித்த எருமை பத்தடி தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, பிறகு அறுந்த வேலிக் கம்பியைத் தாண்டி நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

இடது இடுப்பு எலும்பும் மூன்று விலா எலும்பும் முறிந்துவிட்டன. கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றி, ஏற்காட்டில் ஆம்புலன்சுக்கு மாற்றிச் சேலம் கொண்டுபோனோம். மலையிறங்கும் ஒவ்வொரு வளைவிலும் அவர் கத்தினார். மொத்தம் இருபது வளைவு. இதைப் புகாரில் எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டேன், இல்லை என்றார்கள்.

அதன் பிறகு ஜூன் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர் பாக்கியநாதன் என்பவர் என் கணவருக்குப் பெரியப்பா முறை. கம்பெனியில் இருந்து வந்த கடிதத்தை அவர்தான் எழுந்து நின்று படித்தார். பராமரிப்பாளர் கிங்ஸ்டன் என்பவர் கருவிகளில் அத்துமீறிக் கை வைத்ததால் சார்ஜ் கண்ட்ரோலரும் பாட்டரிகளும் முற்றிலும் பழுதாகிவிட்டன, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு ஏற்பட்டிருந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல என்று அதில் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் வருவார், ஊரார் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் புதுப் பெட்டிக்குப் பரிசீலிப்பார்கள் என்றும் இருந்தது. நசுங்கிப்போய் ஆஸ்பத்திரியில் கிடப்பவன்தான் வேலியைக் கெடுத்தவன் என்று எழுதி வந்திருக்கிறது, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல இருபத்திரண்டு வீட்டில் ஒரு வாய் இல்லை. பெரியப்பா கடிதத்தை மடித்துக்கொண்டே, "வேற ஆளப் போட்டுக்கலாம் சாமி. அவனுக்குத்தான் ஒடம்பு முடியலையே" என்றார்.

அன்று மதியமே நான் சேலத்துக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே சேதி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. என் கணவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். நான் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன், வாங்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "ஏன் அம்மிணி, நாந்தான் கெடுத்துப்போட்டனா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்துவிட்டது. ஆனால் எனக்கு அது தெரியாது, உள்ளே போய்ப் பார்த்தால்தானே தெரியும். "தெரியலைங்க. பாத்துட்டு வந்து சொல்றனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இன்று காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு அறைப்பக்கம் நின்றிருந்தேன். பதினோரு மணிக்கு நவீன் ஜீப்பில் வந்து இறங்கினார். கையெழுத்து வாங்கும் வரை டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு காகிதத்தைக் கிழித்து, பூட்டைத் திறந்து, திறந்த பூட்டைச் சாவியோடு கொண்டியிலேயே தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனார். எங்கே அத்துமீறினார்கள் என்று காட்ட போட்டோ எடுக்கப்போகிறார் என்று அவர் வாயாலேயே சொன்னார். இரண்டு மாதமாக ரிப்பேருக்கு வராதவர், போட்டோவுக்கு வந்திருக்கிறார். கதவை இழுத்துச் சாத்தினேன், அதே பூட்டைப் போட்டேன், சாவியை என் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். அப்போது மணி 11.20.

அந்த அறைக்குக் கம்பி போட்ட சன்னல் ஒன்று உண்டு. அதன் வழியாக என் மீட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் உள்ளே நீட்டினேன். அவர் முதலில் மிரட்டினார், அதன் பிறகு போன் செய்தார், அதன் பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார். நான் சொன்னது இது: "ஒண்ணும் வேண்டாம் தம்பி. ஏப்ரல்ல செய்ய வேண்டிய வேலைய இப்பச் செய்யுங்க. வேலி டிக் அடிச்சாக் கதவத் தெறக்கறேன்." இதைத் தவிர அவரை ஒரு வார்த்தை தகாத முறையில் பேசவில்லை. ஆராயி அக்காள் டீ கொண்டுவந்தார்கள், அதையும் சன்னல் வழியாகக் கொடுத்தோம். அவர் குடித்தார். டம்ளர் சாட்சிக்கு வேண்டுமென்றால் ஆராயி அக்காளிடம் இருக்கிறது.

அவர் மீட்டரை எடுத்தார். நான் சன்னலில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் பேனல் ஒயரைப் பார்க்கச் சொன்னேன், முப்பத்தாறு வோல்ட் வந்தது. பேனலுக்கு ஒன்றும் இல்லை. அடுத்து பாட்டரி. இரண்டு பாட்டரி வரிசையாக இருப்பதால் இருபத்துநான்குக்கு மேல் இருக்க வேண்டும், இருபத்தொன்று காட்டியது. இறங்கிப்போயிருக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது. முற்றிலும் பழுது என்று கடிதத்தில் எழுதியது இந்த பாட்டரியைத்தான். அடுத்து ஃபியூஸ், மீட்டர் பீப் என்று சத்தம் கொடுத்தது, அதுவும் நல்லது. கடைசியாகப் பெட்டி. போய்விட்டது என்று பூட்டிவைத்த பெட்டி, திரையில் வெளிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாட்டரி நிறைந்து வழிகிறது என்று காட்டிக்கொண்டிருந்தது.

இருபத்தொன்றில் கிடக்கும் பாட்டரி எப்படித் தம்பி நிறையும் என்று கேட்டேன். கீழே உள்ள பொத்தானை அமுக்கி, சிஸ்டம் எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொன்னேன். அமுக்கினார். பன்னிரண்டு என்று காட்டியது. அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் கம்பி வழியாகப் பார்த்தேன். சூப்பர்வைசராக அவருக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஏப்ரல் 29ஆம் தேதி அந்த ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். இந்தப் பெட்டி அணைந்து மறுபடி விழிக்கும்போது, தன்னிடம் இருப்பது ஒரு பாட்டரியா இரண்டு பாட்டரியா என்று வோல்ட்டை வைத்துத் தானே ஊகித்துக்கொள்ளும். இரண்டும் ரொம்ப இறங்கிக் கிடக்கும் நேரம் விழித்தால், ஒரே பாட்டரி, அதுவும் நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பட்டினியாக வந்து உட்கார்ந்தவனைப் பார்த்து, இவன் சாப்பிட்டாயிற்று என்று இலையை எடுத்துவிடுவதுபோல. பிறகு சார்ஜும் ஏற்றாது, வேலிக்கும் கரண்ட் விடாது. பகலில் பேனல் ஒயரும் இரவில் பாட்டரியும் அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருப்பதால் தானாக மாறவும் மாறாது.

பாட்டரி எப்படி அவ்வளவு இறங்கியது என்பது அடுத்த கேள்வி. அறைக்குள் ஆணியில் என் கணவரின் நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதில் எழுதுவார், அறையைப் பூட்டியபோது அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது. நவீனை எடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஏப்ரல் 17, 18, 19, மூன்று நாளும் பனிமூட்டம், வெயில் இல்லை. 19 இரவு கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா திருவிழிப்பு, பெரியப்பா கேட்டதால் வேலி லைட் நான்கும் விடியும்வரை எரிந்தது. 20 ஈஸ்டர், பனிமூட்டம், பெரியப்பா சொன்னதால் இன்றும் லைட். 21 மாலை இடி, பாட்டரி ஒயரைக் கழற்றினேன். 22 காலை மாட்டினேன். டிக் இல்லை. லைட் மங்கல். லைட்டை அணைத்துவிட்டேன். நவீன் சாருக்குப் போன் செய்தேன். வருகிறேன் என்றார். இது நோட்டில் உள்ளபடியே.

அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது நவீனின் குரல் இறங்கிவிட்டது. அதற்குள் ஆராயி அக்காளோடு பத்துப் பேர் சன்னலண்டை வந்துவிட்டார்கள், பாக்கியநாதன் பெரியப்பாவும் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தை அத்தனை கணீரென்று படித்தவர், இரண்டு ராத்திரியும் லைட் போடச் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதும் எனக்கு ஒன்று பிடிபடவில்லை. எவ்வளவு நேரம் லைட் எரிந்தாலும், பாட்டரி ஓரளவுக்குக் கீழே போனால் பெட்டி தானே நிறுத்தியிருக்க வேண்டும். லைட் ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னேன். நவீன் குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. லைட் ஒயரைப் பெட்டியில் கொடுக்காமல் நேராகப் பாட்டரியிலேயே கொடுத்திருந்தார்கள். அந்த முடிச்சில் கம்பெனியின் மஞ்சள் டேப் இருந்தது, சுற்றிய பிறகு யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை. அதையும் போட்டோ எடுங்கள் தம்பி என்றேன். எடுத்தார்.

அதன் பிறகு வேலை பத்து நிமிடம்தான். முதலில் பேனல் ஒயரைக் கழற்றினார், அடுத்து பாட்டரி ஒயரைக் கழற்றினார், பெட்டியின் திரை முழுக்க அணையும் வரை காத்திருந்தார். மறுபடி மாட்டும்போது பாட்டரி ஒயரை முதலில் மாட்டினார். லைட் எரியாமல் சும்மா கிடந்ததில் பாட்டரி தானாக இருபத்தொன்றுக்கு ஏறியிருந்ததால், இந்தத் தடவை பெட்டி சரியாக இருபத்துநான்கு என்று காட்டியது. அதைப் பார்த்த பிறகு பேனல் ஒயரை மாட்டினார், சார்ஜ் ஏறத் தொடங்கியது. லைட் ஒயரையும் பெட்டிக்கு மாற்றினார். அதற்குள் ஊர்க்காரர்கள் மேல் வரப்பில் அறுந்த கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டார்கள். புதுச் சாமான் ஒன்றுகூட வாங்கவில்லை. எல்லாம் முடிந்தபோது மணி பன்னிரண்டேகால். கதவைத் திறக்கச் சொல்லி நவீன் கேட்டார். வேலி டிக் அடித்தால்தான் திறப்பேன் என்று சொன்னது சொன்னதுதான் என்றேன். பாட்டரி கொஞ்சம் ஏறினால்தான் பெட்டி வேலிக்குக் கரண்ட் விடும், அதற்கு வெயில் வேண்டும். எல்லோரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 1.02க்கு டிக் என்றது. ஒரு புல்லைக் கிள்ளிக் கம்பியில் வைத்தேன், விரலில் தட்டியது. 1.05க்குக் கதவைத் திறந்துவிட்டேன். நவீன் வெளியே வந்து, மீட்டரை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அதற்கப்புறம் காவலர்கள் வந்தார்கள், நான் அவர்களோடு வந்துவிட்டேன்.

அவரைப் பூட்டிவைத்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டார்கள். இல்லை. இன்னும் ஒரு தடவை ஏப்ரல் 29 வந்தால் அன்றைக்கே பூட்டுவேன். ஒரு பொத்தானை அமுக்கிப் பார்க்கச் சோம்பல்பட்டதற்கு என் கணவர் இடுப்பு உடைந்திருக்கிறது, உடைத்த பிறகும் விடாமல் அவர் பெயரையும் உடைக்கக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதனை ஒன்றே முக்கால் மணி நேரம் டீ கொடுத்து உட்கார வைத்ததற்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. ஆறு வாரம் ஒரு ஊரைத் திறந்து போட்டதற்கு என்ன பிரிவு என்று கேட்டேன். பையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு அந்த அறையைத் தாண்டிப் போனவளுக்கு என்ன பிரிவு என்றும் கேட்டேன். தலைமைக் காவலர் அம்மா அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இந்த வழக்குக்காகப் பெட்டியைக் கழற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்று இங்கே பேசிக்கொண்டார்கள். பெட்டி வந்துவிட்டால் இன்றைக்கே வேலி செத்துவிடும், டின் தட்ட இப்போது ஆளும் இல்லை. என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியைச் சுவரிலேயே விட்டுவிடுங்கள். அதையும் மீறிக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், போகிறவர் யாராக இருந்தாலும் பேனல் ஒயரை முதலில் கழற்றட்டும், பாட்டரி ஒயரைப் பிறகு கழற்றட்டும். மாட்டும்போது பாட்டரி முதலில்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டியபோது, ஒயரை மாற்றிக் கழற்றிய இடத்தில் "எனது கணவரின் கவனக்குறைவால்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "எனது கணவரின் கையால்" என்று எழுதச் சொன்னேன். அந்த வரியே வேண்டாம், உங்களுக்குப் பாதகமாக வரும் என்று அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார்கள். வேண்டும் என்றேன். ஒரு பனிமூட்டம், ஒரு ஈஸ்டர், பெரியப்பாவின் ஆசை, கம்பெனியின் மஞ்சள் டேப் எல்லாம் சேர்ந்த பிறகு கடைசியாக ஒயரைக் கழற்றி மாட்டியது அவர் கைதான். நடந்தது நடந்தபடி இருக்கட்டும். கவனம் குறைந்தது அவருக்கு அல்ல.

ஆஸ்பத்திரியில் மாலை ஆறு மணி வரைதான் ஆள் பார்க்க விடுவார்கள். இன்றைக்கு நான் போக முடியாது. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், காத்துக்கொண்டிருப்பார். யாராவது ஒருவர் போன் செய்து நான் சொன்னதாக அவரிடம் இதை மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: "ஆமாங்க, உங்க கைதானுங்க. ஆனாப் பத்தே நிமிச வேலைங்க. வந்திருந்தாங்கன்னா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டக் கேட்டேன், நானும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் செய்து, அதன் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளது எல்லாம் நடந்த உண்மை.

(ஒப்பம்) கி. ஜெஸ்லின்
24.06.2025, மாலை 5.40

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. வாக்குமூலம் கொடுத்தவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய கணவருக்கு 5.50க்கு நிலையத் தொலைபேசியில் தகவல் சொல்லப்பட்டது. வேலி அறையில் உள்ள கருவி கழற்றப்படவில்லை, இருந்த இடத்திலேயே புகைப்படம் எடுக்கப்பட்டது.

(ஒப்பம்) சுகுணா, தலைமைக் காவலர்